வண்டி இருக்கட்டும் தம்பி, முதலில் ட்ரெய்லரை எடை போடுங்கள்

கேள்வி: அண்ணே, உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஃபைபர் வள்ளம் கட்டும் பட்டறை வைத்திருக்கிறோம். எல்லாம் 28 அடி, 30 அடி வள்ளங்கள். கட்டி முடித்ததைத் தொண்டி, ஏர்வாடி, மூக்கையூர், சில சமயம் தூத்துக்குடி வரை கொண்டுபோய் இறக்க வேண்டும். பழுதுக்கு வருவதையும் நாங்களே எடுத்து வருகிறோம். மாதம் நாலைந்து நடை. லாரியும் கிரேனும் வாடகைக்குப் பிடித்துக் கட்டுபடியாகவில்லை. அதனால் டிராக்டர் டிரெய்லர் செய்கிறவரிடம் சொல்லி, ஒற்றை அச்சில் படகு ட்ரெய்லர் ஒன்று அடித்துவிட்டேன். பிரேக் கிடையாது. இழுக்க ஒரு பிக்-அப் வாங்க வேண்டும். தெரிந்தவர் ஒருவர் ராமேஸ்வரத்தில் ஓடிய இசுசு வி-கிராஸ் ஃபோர் வீல் டிரைவ் வண்டியைத் தருகிறேன் என்கிறார். ஹைலக்ஸ் 3,500 கிலோ இழுக்கும் என்று வெளிநாட்டு வீடியோவில் பார்த்தேன். அப்பா பொலேரோ பிக்-அப்பே போதும் என்கிறார். குதிரைத்திறன் கூடினால் எதையும் இழுக்கும் என்கிறார் புரோக்கர். வள்ளம் 1 டன், ட்ரெய்லர் அரை டன் வரும். மணலிலும் இழுக்க வேண்டியிருக்கும். எது வாங்கட்டும்?

பதில்:

தம்பி, நீங்கள் சொன்னவர்களில் உங்கள் அப்பாதான் சரியான இடத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறார். உங்கள் வேலைக்குச் சரக்குப் பிக்-அப் போதும். ஆனால் இப்போது உங்களிடம் இருக்கிற ட்ரெய்லரை எந்தப் பிக்-அப்பின் பின்னாலும் மாட்டாதீர்கள். பொலேரோவோ, வி-கிராஸோ, முப்பது லட்சத்தைத் தாண்டுகிற ஹைலக்ஸோ, எதுவாக இருந்தாலும் வேண்டாம். ஏன் என்பதை அந்த வெளிநாட்டு வீடியோவிலிருந்தே சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் ஹைலக்ஸுக்கு 3,500 கிலோ இழுவை எடை கொடுத்திருப்பது உண்மைதான். வி-கிராஸின் உடன்பிறப்பான டி-மேக்ஸுக்கும் அங்கே அதே 3,500தான். ஆனால் அந்த எண் பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு மட்டும். அதே வண்டி, அதே எஞ்சின், ட்ரெய்லரில் பிரேக் இல்லை என்றால் அனுமதி வெறும் 750 கிலோ. ஐரோப்பாவிலும் பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு 750 கிலோதான் உச்சம். 3,500 எங்கே, 750 எங்கே! நடுவில் இருக்கிற அந்த 2,750 கிலோ ட்ரெய்லரின் பிரேக்கை நம்பித்தான் கொடுக்கப்படுகிறது. எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் சொல்லும் கணக்குப்படியே உங்கள் வள்ளமும் ட்ரெய்லரும் சேர்ந்து 1,500 கிலோ. 200 குதிரைத்திறன் உள்ள ஹைலக்ஸுக்கே அங்கே அனுமதிப்பதைப் போல இரண்டு மடங்கு எடையைப் பிரேக் இல்லாமல் இழுக்கப் போகிறீர்கள்.

ரோட்டில் அது என்ன செய்யும் என்று பார்த்துவிடுவோம். 2 டன் பிக்-அப் தனியாக 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது நல்ல தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் சுமார் 16 மீட்டரில் நிற்கும். பின்னால் பிரேக் இல்லாத இரண்டரை டன் ட்ரெய்லர் இருந்தால் (ஏன் இரண்டரை என்று அடுத்துச் சொல்கிறேன்), நாலரை டன்னையும் அந்த நாலு சக்கரம்தான் பிடித்து நிறுத்த வேண்டும். 36 மீட்டர் ஆகும். 70 கிலோமீட்டர் வேகம் என்றால் 70 மீட்டரைத் தாண்டும். கண்ணில் பட்டுக் கால் பிரேக்குக்குப் போகும் நேரத்தில் வண்டி ஓடும் தூரத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை. கீழக்கரையிலிருந்து சாயல்குடி வரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆட்டுக்கூட்டம் எப்போது குறுக்கே வரும் என்று யாருக்குத் தெரியும்? இரவில் விளக்கில்லாமல் வரும் சைக்கிளும் உண்டு. வளைவில் பிரேக் பிடித்தால் இன்னும் மோசம். ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ள, பிக்-அப்பின் பின்பக்கம் பக்கவாட்டில் திரும்பி, முன்பக்கம் ஒரு திசையிலும் ட்ரெய்லர் இன்னொரு திசையிலுமாக மடங்கிவிடும். அந்த நிலைக்குப் போன வண்டியை எந்த டிரைவராலும் மீட்க முடியாது.

அடுத்தது எடை. வள்ளம் 1 டன், ட்ரெய்லர் அரை டன் என்கிறீர்கள். எடை மேடையில் ஏற்றிப் பார்த்தீர்களா? வாயால் சொல்லும் எடையை நம்பி வண்டி வாங்காதீர்கள். வாலிநோக்கம் பக்கம் உப்பு லாரிகள் ஏறுகிற எடை மேடை இருக்கிறது, ராமநாதபுரத்திலும் இருக்கிறது. மோல்டிலிருந்து புதிதாக எடுத்த வெறும் வள்ளம் வேறு, பழுதுக்கு வரும் வள்ளம் வேறு. பழுதுக்கு வருவதில் அடித்தளத்துக்குள் தண்ணீர் நிற்கும். 1 லிட்டர் என்றால் 1 கிலோ. முழங்கால் உயரம்கூட வேண்டாம், கணுக்கால் அளவு நின்றாலே 200 லிட்டர் சுலபமாக இருக்கும். உள் எஞ்சின், ஷாஃப்ட், ஈர வலை, நங்கூரம், கயிறு எல்லாம் சேர வேண்டும். நான் போட்டுப் பார்த்த கணக்கு இது: உடல் 1,200 கிலோ, எஞ்சின் வகையறா 200, வலையும் நங்கூரமும் 200, தேங்கிய தண்ணீர் 200, ஒழுங்காகச் செய்த ட்ரெய்லர் 700. மொத்தம் 2,500 கிலோ. நீங்கள் நினைத்ததைவிட 1 டன் கூடுதல். உங்கள் வள்ளங்களில் எது மிகக் கனமோ, அதை முழுக்கோலத்தில் ஏற்றி எடை எடுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் மற்ற எல்லாம்.

எடை மேடைக்குப் போகும்போது மூன்று முறை எடுக்க வேண்டும். முதலில் பிக்-அப் மட்டும். இரண்டாவது, ட்ரெய்லரை மாட்டிய நிலையில் பிக்-அப்பின் நாலு சக்கரம் மட்டும் மேடையில் இருக்க, ட்ரெய்லர் சக்கரம் வெளியே. மூன்றாவது, எல்லாம் மேடையில். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம்தான் ட்ரெய்லரின் மூக்கு கொக்கியில் அழுத்தும் எடை, அதாவது முன்பாரம். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கும். ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஏழில் ஒரு பங்கு வரை கொக்கியில் உட்கார வேண்டும். 2,500 கிலோவுக்கு 250 கிலோவுக்குக் குறையக் கூடாது. வள்ளத்தில் எஞ்சின் பின்பக்கம் இருப்பதால் உங்களுக்குப் பின்பாரம்தான் அடிக்கும். அப்படி இருந்தால் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் ட்ரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும், ஆட்டம் கூடிக்கொண்டே போகும். வள்ளத்தை ட்ரெய்லர் மேல் ஒரு முழம் முன்னே தள்ளிக் கட்டினாலே நிலைமை மாறிவிடும். சரியான இடம் கிடைத்ததும் அதே இடத்தில் மூக்குத் தடுப்பை வெல்டு வைத்துவிடுங்கள், ஒவ்வொரு நடைக்கும் யோசிக்க வேண்டாம்.

வண்டியைத் தேர்ந்தெடுக்க இந்த முன்பாரம்தான் உதவும். ஏனென்றால் இந்த 250 கிலோவைப் பிக்-அப் இழுக்கவில்லை, சுமக்கிறது. ஆர்சி புத்தகத்தில் மொத்த எடை, வெறும் வண்டி எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. ஆட்களும் அதற்குள் அடக்கம். ஹைலக்ஸ், வி-கிராஸ் மாதிரி இரட்டைக் கேபின் வண்டிகள் ஐந்து பேர் சொகுசாக உட்காருவதற்காக வடிவமைத்தவை. சரக்குக்கென்று மிஞ்சுவது சரக்குப் பிக்-அப்பை விட மிகக் கம்மி. நாலு ஆள், கருவிப் பெட்டி, ட்ரெய்லருக்கு ஸ்டெப்னி, மேலே 250 கிலோ முன்பாரம் என்று ஏற்றினால் அந்த இடம் சட்டென்று தீர்ந்துவிடும். பொலேரோ பிக்-அப்பிலும் டாடா யோதாவிலும் மாடலைப் பொறுத்து 1,200 கிலோவிலிருந்து 2,000 கிலோ வரை ஏற்றலாம். அந்த இடத்தை வைத்துத்தான் உங்கள் பிரச்சினையைத் தீர்க்கப் போகிறோம்.

என் யோசனை இது. புறப்படுவதற்கு முன் வள்ளத்தின் தண்ணீரை முழுக்க இறைத்து விடுங்கள், 200 கிலோ போச்சு. வலை, நங்கூரம், கயிறு எல்லாவற்றையும் பிக்-அப்பின் பின்பக்கச் சரக்குத் தொட்டிக்கு மாற்றுங்கள், ட்ரெய்லரில் இன்னொரு 200 குறைந்தது. 2,500 இப்போது 2,100 கிலோ. முன்பாரம் 210. பிக்-அப் பக்கம் பாருங்கள். வெறும் வண்டி ஏறக்குறைய 1,700 கிலோ என்று வையுங்கள், மூன்று ஆள் 210, வலை வகையறா 200, கருவியும் ஸ்டெப்னியும் 100, முன்பாரம் 210. மொத்தம் 2,420 கிலோ. ட்ரெய்லர் சக்கரங்களில் இருப்பது 1,890 கிலோதான். முன்னால் போகிற வண்டி பின்னால் வருவதைவிடக் கனமாகிவிட்டது. ஏற்றியது 720 கிலோ, 1,300 கிலோ மாடல் என்றாலும் அளவுக்கு உள்ளேதான் இருக்கிறீர்கள். இதை இரட்டைக் கேபின் வண்டியில் இவ்வளவு தாராளமாகச் செய்ய முடியாது.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. சரக்குப் பிக்-அப்புகளின் பின் ஸ்பிரிங் பட்டைகள் சுமைக்காகச் செய்தவை, வெறும் வண்டியாக ஓடினால் பின்பக்கம் குதிக்கும். பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைச் சுமைக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கும் வால்வு பல மாடல்களில் உண்டு. பின்பக்கம் லேசாக இருந்தால் அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும். தொட்டியில் சுமையும் கொக்கியில் முன்பாரமும் இருக்கும்போதுதான் பட்டையும் பிரேக்கும் ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே வெறும் தொட்டியோடு ட்ரெய்லர் இழுக்காதீர்கள். ஏற்ற ஒன்றும் இல்லையென்றால் நாலு மணல் மூட்டையாவது பின் அச்சுக்கு நேர் மேலே போட்டுக் கட்டுங்கள்.

எஞ்சின் போதுமா என்ற கேள்வி உங்களை அரிக்கும். பொலேரோ பிக்-அப் சுமார் 75 குதிரைத்திறன், யோதா 2.2 லிட்டர் 100, வி-கிராஸ் 163, ஹைலக்ஸ் 204. நம் மாவட்டம் தட்டை. நாலரை டன்னைச் சமதளத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சக்கரத்தில் 25 குதிரைத்திறன்கூட ஆகாது. உங்கள் பாதையில் ஏற்றம் என்று சொல்ல ராமேஸ்வரம் போனால் வரும் பாம்பன் சாலைப் பாலத்தின் நடுமேடுதான். இருபதுக்கு ஒன்று என்ற சரிவு வைத்துக் கணக்குப் போட்டாலும் 40 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 50 குதிரைத்திறன் போதும். கொடைக்கானல் மலைக்கு இழுக்கப் போவதாக இருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். தொண்டிக்கும் தூத்துக்குடிக்கும் இதற்கு மேல் பணம் கொட்ட வேண்டாம். மிச்சமாகும் பணத்தை ட்ரெய்லரில் போடுங்கள்.

பொலேரோவா, யோதாவா? யோதாவில் முறுக்குவிசை (டார்க்) கூடுதல், 250 நியூட்டன் மீட்டர். பொலேரோவுக்குக் கடற்கரை ஊர் எங்கும் பாகமும் மெக்கானிக்கும் கிடைப்பார்கள். இரண்டுமே ஏணிச் சேஸிஸ் (ஏணி மாதிரியான அடிச்சட்டம்) வண்டிகள், இழுவைக்கு அதுதான் வேண்டும். நான் முடிவு செய்வது வேறொன்றை வைத்து. இரண்டு கம்பெனிக்கும் மாடல் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள்: 'இந்த வண்டியால் பிரேக் உள்ள ட்ரெய்லர் எத்தனை கிலோ இழுக்கலாம், கொக்கியில் எத்தனை கிலோ முன்பாரம் தாங்கும், கொக்கியைச் சேஸிஸில் எங்கே போல்ட் போட வேண்டும்?' யார் எழுத்தில் தெளிவாகப் பதில் தருகிறார்களோ, அந்த எண் உங்கள் எடை மேடைச் சீட்டுக்கு மேல் இருந்தால், அந்த வண்டியை வாங்குங்கள். ஷோரூம் பையன் 'தாராளமா இழுக்கும் சார்' என்று வாயால் சொல்வது பதில் ஆகாது. ஆஸ்திரேலியாவின் 3,500ஐயும் இங்கே காட்ட முடியாது, அந்த எண் அந்த நாட்டில் விற்கும் வண்டிக்கு, அங்கே அனுமதித்த கொக்கியோடு கொடுத்தது. வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டுக்கும் இதே கேள்விதான். ஒருவருமே எழுதித் தரவில்லையா? அப்போது பிக்-அப்பை ஃபைபர் வேலைக்கான ரெசின் பீப்பாய்க்கும் மேட் சுருளுக்கும் வைத்துக்கொண்டு, கனமான வள்ளத்துக்கு மட்டும் லாரியைத் தொடருங்கள். கட்டுபடியாகாது என்று சொன்னீர்கள், புரிகிறது. ஆனால் இழுக்கும் தகுதி எழுத்தில் இல்லாத வண்டியோடு விபத்தில் மாட்டினால், இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்கும்போது பட்டறையே போய்விடும்.

இப்போது ட்ரெய்லர். ஒற்றை அச்சு வேண்டாம், இரட்டை அச்சு போடுங்கள். ஒரு டயர் வெடித்தாலும் படுத்துவிடாது, வால் ஆட்டமும் குறையும். ஒவ்வொரு அச்சிலும் பிரேக் இருக்கட்டும். உங்களுக்குப் பொருத்தமானது தள்ளு பிரேக். பிக்-அப் வேகம் குறைந்ததும் ட்ரெய்லர் முன்னே தள்ளும். அந்தத் தள்ளு கொக்கியில் இருக்கும் தண்டை உள்ளே அழுத்தி, கேபிள் வழியாகவோ எண்ணெய் வழியாகவோ ட்ரெய்லர் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்கும். கரண்டில் வேலை செய்யும் பிரேக் வெளிநாட்டில் நிறைய உண்டு, கடல் தண்ணீருக்குள் இறங்கும் ட்ரெய்லருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். உப்பு காந்தத்தையும் ஒயரையும் தின்றுவிடும். தள்ளு பிரேக்கில் ஒரு தொல்லை, ரிவர்ஸ் எடுக்கும்போதும் பிடித்துக்கொள்ளும். தானாக விடுபடும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். கொக்கி கழன்றால் தானே பிரேக் இழுபடுகிற மாதிரி ஒரு மெல்லிய கம்பியும், கூடவே இரண்டு சங்கிலியும் வேண்டும். சங்கிலிகளைக் கொக்கிக்குக் கீழே குறுக்கே கோர்க்க வேண்டும், மூக்கு விழுந்தால் தரையில் குத்தாமல் அவை தாங்கிக்கொள்ளும்.

டிராக்டருக்குப் போடும் ஊசிக் கொக்கியை இதில் போடாதீர்கள். டிராக்டர் போகிற வேகத்துக்கு அந்த ஆட்டம் பரவாயில்லை, பிக்-அப் வேகத்தில் ஊசி துளையில் அடித்து அடித்துத் தேய்ந்துவிடும். பந்துக் கொக்கி போடுங்கள். பந்தும் அதன் மேல் உட்காரும் கிண்ணமும் ஒரே அளவா என்று வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். 50 மில்லிமீட்டர் கிண்ணம் 47.6 மில்லிமீட்டர் பந்திலும் அழகாக உட்காரும், பூட்டும் விழும். மேட்டில் ஏறி இறங்கும்போது கழன்று வந்துவிடும். கொக்கியின் சட்டம் சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களையும் பிடிக்க வேண்டும். பம்பரில் வெல்டு வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். சேஸிஸிலும் வெல்டு கூடாது, சூட்டில் அந்த இரும்பின் பலம் போய்விடும். ஏற்கெனவே உள்ள துளைகளில் பலம் கூடிய 10.9 தரப் போல்ட் போடுங்கள்.

மணல் விஷயத்தில் ஃபோர் வீல் டிரைவ் எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறீர்கள் போல. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. காய்ந்த கடற்கரை மணலில் உருளுகிற எடையில் ஐந்தில் ஒரு பங்காவது பின்னிழுக்கும். வண்டியும் ட்ரெய்லரும் 4,500 கிலோ என்றால் 900 கிலோ இழுவை வேண்டும். டூ வீல் டிரைவ் பிக்-அப்பின் பின் சக்கரங்களுக்கு மணலில் கிடைக்கும் பிடிப்பு சுமார் 500 கிலோதான். ஃபோர் வீல் டிரைவ் போட்டாலும் 900ஐ ஒட்டித்தான் வரும், ஒரு பள்ளம் வந்தால் புதைந்துவிடும். புதைந்த இடத்தில் கிளட்ச்சை எரிப்பதுதான் மிச்சம். மணலில் டிராக்டரை விடுங்கள், ஊருக்கு ஊர் கிடைக்கிறது. அல்லது பிக்-அப்பைக் கெட்டித் தரையில் நிறுத்தி, நீளக் கயிறும் விஞ்சும் வைத்து ட்ரெய்லரை மட்டும் இழுங்கள். ட்ரெய்லர் சக்கரத்துக்குக் கீழே பலகை போட்டால் பாதிச் சுமை குறைந்த மாதிரி வரும். ஃபோர் வீல் டிரைவ் உண்மையில் உதவுவது துறைமுகத்துச் சிமெண்ட் சரிவில்தான். பாசி பிடித்த அந்த ஈரச் சரிவில் பின் சக்கரம் மட்டும் சுற்றி வழுக்கும், லோ கியர் இருந்தால் கிளட்ச்சும் பிழைக்கும். மூக்கையூர் மாதிரி இடத்தில் அடிக்கடி சரிவில் இறக்கப் போகிறீர்கள் என்றால் யோதாவின் ஃபோர் வீல் டிரைவ் மாடலைப் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பணம் வீண்.

ராமேஸ்வரத்து வி-கிராஸைப் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சின் ஓட்டிப் பார்த்து மயங்காதீர்கள், கீழே படுத்துப் பாருங்கள். தீவில் ஓடிய வண்டிக்கு நாலு பக்கமும் உப்புக் காற்று. மீன் ஏற்றியதாக இருந்தால் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தொட்டியிலிருந்து சேஸிஸ் மேல் சொட்டிக்கொண்டே இருந்திருக்கும். சிறு சுத்தியலால் சேஸிஸ் சட்டத்தின் அடிப்பக்கத்தையும், பின் பட்டை மாட்டும் இடத்தையும் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்தது மொத்தென்று கேட்கும். பிரேக் எண்ணெய்க் குழாய் பொரிந்திருந்தால் அந்தப் பேச்சையே விடுங்கள். புதிதாக அடிப்பக்கம் கறுப்பு அடித்திருந்தால் சுரண்டாமல் வாங்காதீர்கள். பழைய வண்டிதான் வேண்டும் என்றால் மதுரைக்கு மேற்கே ஓடிய வண்டியைத் தேடுங்கள்.

ட்ரெய்லருக்கும் இதே உப்புதான் எதிரி. பெயிண்ட் அடித்த சட்டம் உள்பக்கமாக அரிக்கும், உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த சட்டமே வேண்டும். தூரத்திலிருந்து ஓடி வந்த சூட்டோடு சக்கரத்தைக் கடலில் இறக்காதீர்கள். சூடான ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) தண்ணீரில் பட்டுக் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகக் கடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கொஞ்ச நாளில் பேரிங் இறுகும், நடுரோட்டில் சக்கரம் கழலும். அரை மணி நேரம் ஆறவிட்டு, கை வைத்துப் பார்த்து இறக்குங்கள், விளக்கு ஒயரைப் பிடுங்கிவிட்டு. ஏறி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நம் பக்கம் பல கிணறுகளில் உவர் தண்ணீர்தான், அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுகிற கதை. குடிதண்ணீரை ஹோஸில் ஓடவிடவும் மனசு வராது, வரவும் கூடாது. வயலுக்கு மருந்தடிக்கும் தெளிப்பான் ஒன்றில் 16 லிட்டர் பிடித்து ஹப், பிரேக் டிரம், பட்டை, கொக்கி என்று குறிபார்த்து அடித்தால் போதும்.

காற்றையும் கணக்கில் வையுங்கள். பாம்பன் பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். அந்தக் காற்றில் 30 அடி வள்ளத்தின் பக்கவாட்டில் விழும் தள்ளு சுமார் 150 கிலோ. மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் ராமேஸ்வரத்துக்கு வள்ளம் கொண்டுபோவது விடியற்காலையில் இருக்கட்டும். வால் ஆட்டம் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துச் சரி செய்யவும் பார்க்காதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தால் தானே அடங்கும். 50 கிலோமீட்டருக்கு மேல் எப்போதும் வேண்டாம்.

சட்டப் பக்கம் நீளமில்லை. ட்ரெய்லரும் மோட்டார் வாகனச் சட்டப்படி தனியாகப் பதிவு செய்ய வேண்டியது, அதற்கென்று ஓர் எண் உண்டு. அதோடு 61ஆம் பிரிவின்படி இழுக்கிற வண்டியின் எண்ணும் ட்ரெய்லரில் தெரிய வேண்டும். அனுமதித்த எடையைத் தாண்டினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. நீங்களே அடித்த ட்ரெய்லர் என்பதால், புதிதாகச் செய்வதற்கு முன்பே வரைபடத்தோடு ராமநாதபுரம் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய், எந்த மாதிரி செய்தால் பதிவு கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள். பதிவு உள்ள தயாரிப்பாளரிடம் செய்து வாங்குவது சுலபமாக இருக்கலாம். அடுத்தவர் வள்ளத்தைக் கூலிக்கு ஏற்றப் போகிறீர்கள் என்றால் சொந்தப் போர்டு வண்டி உதவாது, இது வி-கிராஸுக்கு எதிராக இன்னொரு காரணம். இன்சூரன்ஸ் பாலிசியில் ட்ரெய்லரின் பெயரும் இருக்க வேண்டும்.

இப்போதைய ட்ரெய்லரை விற்க வேண்டாம். பட்டறைக்குள் வள்ளத்தை நகர்த்தவும், கரையில் டிராக்டர் பின்னால் மாட்டவும் அது நன்றாக உதவும். புது ட்ரெய்லருக்கு ஆர்டர் கொடுப்பதாக இருந்தால் ஏப்ரல் 15க்கு முன்பே கொடுத்துவிடுங்கள். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை விசைப்படகுகள் எல்லாம் கரையேறி, மண்டபம் பக்கத்து வெல்டர்கள் யாரும் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள். எடை மேடைச் சீட்டு கையில் வந்ததும் அந்த மூன்று எண்களையும் எனக்கு எழுதுங்கள். அச்சு, பட்டை, டயர் அளவு என்ன போடுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.